பட்டம் பிடித்தே பனிமலை ஏறலாம், தெரியுமா?

பட்டம் ஒரு ஆளை இழுத்துக்கொண்டு மலை ஏறும், தெரியுமா? ரோப் கார் வேண்டாம், மோட்டார் வேண்டாம். காலில் பனிச்சறுக்குப் பலகை, இடுப்பில் ஹார்னஸ், 20, 25 மீட்டர் நூலின் மறுமுனையில் ஒரு பெரிய பட்டம். காற்று மட்டும் வீசிவிட்டால் கீழிருந்து மேலே சறுக்கிக்கொண்டே போகலாம்! பிரான்ஸின் ஆல்ப்ஸ் மலையில், 2,058 மீட்டர் உயரத்தில் இருக்கும் லோத்தரே கணவாய்க்குக் குளிர்காலத்தில் போனால் இந்த அதிசயத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். சறுக்கு என்றாலே இறக்கம்தான் என்று நினைத்திருக்கும் நமக்கு, ஆட்கள் ஏற்றத்தில் வழுக்கிப் போவதைப் பார்த்தால் தலை சுற்றும்.

இதற்குப் பெயர் ஸ்னோகைட்டிங். ஆசைப்பட்டு இறங்குகிற எவரும் முதல் நாளே ஒரு கேள்வியில் வந்து நிற்கிறார்கள். டியூப் பட்டம் வாங்குவதா, ஃபாயில் பட்டம் வாங்குவதா?

டியூப் என்பது பம்பு வைத்துக் காற்றடிக்கும் பட்டம். ராமேஸ்வரம் பக்கமும் இலங்கையில் கற்பிட்டியிலும் கடல்மேல் கைட்சர்ஃபிங் செய்கிறவர்களிடம் பெரும்பாலும் இருப்பது இதுதான். முன்விளிம்பில் பிறை வடிவில் ஒரு தடித்த குழாய், அதிலிருந்து குறுக்கே சில சின்னக் குழாய்கள், அவற்றின்மேல் இழுத்துக் கட்டிய துணி. ஃபாயில் பட்டத்தில் குழாயும் இல்லை, குச்சியும் இல்லை, பம்பும் இல்லை. அது முழுக்க முழுக்கத் துணி. பாராகிளைடரைச் சிறிதாக்கினால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். ‘இரண்டும் நல்லதுதான், பிடித்ததை எடுங்கள்’ என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் இரண்டும் எதற்காகப் பிறந்தவை என்று தெரிந்துவிட்டால் பதில் தானாகவே ஒரு பக்கம் சாயத் தொடங்கும்.

கடல் கேட்ட கேள்வி

டியூப் பட்டத்தைக் கண்டுபிடித்தவர்கள் அண்ணன் தம்பி இருவர் என்பது தெரியுமா? பிரான்ஸின் பிரிட்டனிக் கரையைச் சேர்ந்த புருனோ லெகெனியூவும் டொமினிக் லெகெனியூவும்தான் அவர்கள். பாய்மரப் படகு ஓட்டிப் பழகியவர்களுக்குப் பட்டத்தைக் கட்டி நீரில் பாய வேண்டும் என்று ஆசை. பட்டம் பறப்பதில் அவ்வளவு சிரமம் இல்லை. விழுந்த பிறகுதான் வினை. துணி நனையும், அலை அதை அமுக்கும், கடல் நடுவில் ஆள் தத்தளிப்பார். பட்டம் மிதக்க வேண்டும், மிதந்த இடத்திலிருந்தே மறுபடி எழவும் வேண்டும். அதற்காக முன்விளிம்பில் காற்றடைத்த குழாயை வைத்தார்கள். 1984 நவம்பரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். ‘விபிகா’ என்ற பெயரில் அது கடைக்கு வந்தது 1990களின் பிற்பகுதியில். அதற்குப் பிறகுதான் கைட்சர்ஃபிங் உலகக் கடற்கரைகள் எங்கும் பரவியது.

இந்தக் குழாயின் முதல் வேலை மிதப்பது. பனியில் மிதப்பதற்கு என்ன இருக்கிறது? விழுந்த பட்டம் விழுந்த இடத்திலேயே காய்ந்த பனிமேல் கிடக்கும். நடந்து போய்க் கையால் தூக்கி வைத்துவிடலாம்! எந்தச் சிக்கலைத் தீர்க்க லெகெனியூ சகோதரர்கள் அத்தனை பாடுபட்டார்களோ, அந்தச் சிக்கலே பனிவெளியில் இல்லை. என்னைக் கேட்டால், பட்டம் தேர்ந்தெடுக்கிறவர் முதலில் மனதில் போட வேண்டிய விஷயம் இதுதான். விலை, நிறம், பிராண்டு எல்லாம் இதற்குப் பின்னால்.

ஃபாயிலின் கதை இன்னும் 20 ஆண்டு பழையது. கனடாவின் கியூபெக்கில் பிறந்து அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வேலை செய்த டொமினா ஜால்பெர்ட், 1964-ல் ஒரு விசித்திரமான இறக்கைக்குக் காப்புரிமை கேட்டார். மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவே தடுப்புகள் வைத்த அறைகள், முன்பக்கம் வாய் திறந்திருக்கும். காற்று வாய்வழியே உள்ளே போகும், போன காற்றே இறக்கையை விறைக்க வைத்துவிடும். விமானத்திலிருந்து குதிப்பவர்கள் இன்று விரிக்கும் சதுரப் பாராசூட்டும், ஏலகிரி, வாகமண், பீர் பில்லிங் என்று பறக்கும் பாராகிளைடரும், அண்டார்டிகாவில் ஸ்லெட்ஜ் என்ற பனிவண்டியை இழுக்கும் பட்டமும் இந்த ஒரே கண்டுபிடிப்பின் வாரிசுகள்!

இதில் மூச்சடைக்க வைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. டியூப் பட்டத்தில் வழக்கமாக 7 பி.எஸ்.ஐ. அளவுக்குக் காற்றடிப்பார்கள். அது சுமார் 48,000 பாஸ்கல். மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் வீசும் காற்று, அசையாமல் நிற்கும் ஃபாயிலின் வாயில் தரும் அழுத்தம் எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய 60 பாஸ்கல்! பட்டம் வானத்தைக் கிழித்துக்கொண்டு பாயும்போது இது பல மடங்கு ஏறும். ஏறினாலும் டியூப்பின் கிட்டேகூட வராது. இத்தனை மெல்லிய அழுத்தத்தை வைத்துக்கொண்டு அந்தத் துணி இறக்கை வடிவம் கெடாமல் நின்று ஒரு ஆளை மலைமேல் இழுக்கிறது!

குளிர் என்ன செய்யும்?

வரவேற்பறைக் கதகதப்பில் காற்றடித்த டியூப் பட்டம், வெளியே கொண்டுபோனதும் தானாகவே தொய்ந்துவிடும், தெரியுமா? ஓட்டை எதுவும் இருக்காது. 20 டிகிரி வெப்பத்தில் 7 பி.எஸ்.ஐ. அடித்ததை மைனஸ் 20 டிகிரியில் வைத்தால், கணக்குப்படி 4 பி.எஸ்.ஐ. பக்கம் இறங்கிவிடும். குளிர்ந்த காற்று சுருங்கும் என்று பள்ளியில் படித்ததுதான். நடைமுறையில் யாரும் அறைக்குள் காற்றடிப்பதில்லை, பனிவெளியில் நின்றுதான் அடிப்பார்கள். ஆனாலும் உச்சி வெயிலில் அடித்தது சூரியன் மலைக்குப் பின்னால் போனதும் தளரத் தொடங்கும். குழாய் தளர்ந்தால் பட்டம் நடுவில் மடங்கப் பார்க்கும். அதனால் பனியில் டியூப் வைத்திருப்பவர்கள் பிற்பகலில் ஒருமுறை இறக்கி, பம்பை மறுபடி மாட்டுவது நல்லது.

அந்தக் குழாய் ஒற்றைப் பொருளும் இல்லை. வெளியே கெட்டித் துணி உறை, உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பை. சைக்கிள் டயருக்குள் டியூப் இருப்பதைப் போலத்தான். உள்ளே இருக்கும் அந்தப் பை குளிரில் விறைத்துப்போகும். பம்பின் ரப்பர் குழாயும் விறைக்கும். தடித்த கையுறையோடு வால்வு மூடியைத் திருக முடியாது, கையுறையைக் கழற்றினால் விரல் மரத்துவிடும். இந்தக் குளறுபடிக்கு நடுவே ஒரே ஒரு பனித்துகள் வால்வுக்குள் போய் உட்கார்ந்துகொண்டால் போச்சு! மூடி சரியாக அமராது, காற்று கசிந்துகொண்டே இருக்கும். உறைந்த பனியின் மேற்பரப்பு உப்புத்தாள் கணக்காக உரசி உறையைக் கிழித்து, உள்ளே பையும் ஓட்டை விழுந்தால் அன்றைய ஆட்டம் முடிந்தது. ஈரமும் குளிரும் சேர்ந்த இடத்தில் பேட்ச் ஒட்டினால் ஒட்டாது.

ஃபாயிலுக்கு இந்தத் தலைவலி எதுவுமே இல்லை. அதை எழுப்புவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், அவ்வளவு அழகு! பட்டத்தை மல்லாக்கப் போடுகிறார்கள். பின்விளிம்பு ஆள் நிற்கும் பக்கம், வாய்கள் அந்தப் பக்கம். பறந்துவிடாமல் இருக்கப் பின்விளிம்பின்மேல் இரண்டு மூன்று வாரிப் பனி. பிறகு நூலைப் பிரித்துக்கொண்டு காற்று வரும் திசையில் பின்னால் நடந்து, ஹார்னஸில் மாட்டி, முன்நூல்களை மெல்ல இழுக்கிறார்கள். நடுவில் இருக்கும் வாய் முதலில் திறக்கும். அந்த அறை உப்பும். பக்கத்து அறை உப்பும். நடுவிலிருந்து இரண்டு நுனிகளை நோக்கியும் அறை அறையாக உப்பிக்கொண்டே போகும். சரசரவென்ற சத்தத்தோடு மேலே போட்ட பனி சரிந்து விழும், பட்டம் எழுந்து நிற்கும். பம்பு அடித்து வியர்ப்பது கிடையாது. மைனஸ் 20-ல் வியர்ப்பது நல்லதும் இல்லை. உடம்போடு ஒட்டிய ஈரம் நின்றதும் குளிர ஆரம்பித்துவிடும்.

குளிர்ந்த காற்றுக்கு எடை கூடுதல்!

சென்னை மெரினாவில் 30 டிகிரி வெயிலில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.16 கிலோ. கடல் மட்டத்தை ஒட்டிய ஒரு உறைந்த ஏரியில், மைனஸ் 20 டிகிரியில், அதே ஒரு கன மீட்டர் 1.39 கிலோ! காற்றின் வேகம் ஒன்றேதான், ஆனால் பட்டத்தின் இழுவை ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். வேகமானியைப் பார்த்துவிட்டு ‘நம் ஊர்க் கடலில் இதே காற்றில் பெரிய பட்டம் போட்டேனே’ என்று எடுத்தால், பட்டம் ஆளைத் தூக்கி வீசிவிடும். மலை உச்சிக்குப் போனால் கணக்கு மறுபடி மாறும். உயரம் கூடக் கூடக் காற்று மெலியும். லோத்தரே உயரத்தில் மைனஸ் 10 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 1.05 கிலோதான்.

இதோடு இன்னொரு சங்கதி. தண்ணீர் பலகையைப் பிடித்து இழுக்கும், பனி அப்படியே வழுக்கிவிடும். அதனால் கடலில் 12 சதுர மீட்டர் பட்டம் போடுகிற ஆள் பனியில் 8, 9 சதுர மீட்டரில் ஜாலியாகப் போவார். ஃபாயில் என்றால் இன்னும் சிறிதாகவே எடுக்கலாம். அதன் நீளமான ஒல்லி வடிவம் ஒரே அளவுத் துணியிலிருந்து கூடுதல் இழுவையைக் கறந்துவிடும். குழாயின் சுமை இல்லாததால் காற்று மிக மெலிதாக இருக்கும்போதும், மணிக்கு 10, 12 கி.மீ. வீசினாலும், அது வானத்தில் நிற்கும். அந்தக் காற்றில் டியூப் பட்டம் தன் எடையையே தூக்க முடியாமல் தரைக்கு வந்துவிடும்.

அப்படியானால் டியூப் வேண்டவே வேண்டாமா?

அவசரப்படக் கூடாது. ஃபாயிலுக்கும் குறைகள் உண்டு, பெரிய குறைகள்.

முதல் குறை நூல். நம் ஊர்ப் பட்டத்துக்குச் சூத்திரம் போடுவார்கள் அல்லவா, ஃபாயிலின் வயிற்றுக்கு அடியில் அப்படிப்பட்ட சூத்திர நூல்கள் டஜன் கணக்கில் கிளை கிளையாகப் பிரிந்து போகும். பனிக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் ஒரு காய்ந்த புதர்க்குச்சி போதும், அதில் ஒரு நூல் சிக்கினால் பட்டம் முறுக்கிக்கொண்டு சுழல ஆரம்பித்துவிடும். சறுக்குப் பலகையின் கொக்கியிலும் மாட்டும். ஈரப் பனி பெய்யும் நாளில் மெல்லிய நூல்கள்மேல் பனிக்கட்டி பூசிக்கொள்ளும். டியூப் பட்டத்தில் சூத்திர நூல் மிகக் குறைவு. பிரிப்பதும் எளிது, சிக்கெடுப்பதும் எளிது.

இரண்டாவது குறை இதைவிட முக்கியம். மலைக்காற்று ஒரே சீராக வீசாது. பாறை, முகடு, பள்ளம் என்று எல்லாவற்றிலும் மோதி உடைந்து வரும். ஒரு நொடி அடிக்கும், மறுநொடி செத்துவிடும். காற்று சாகிற நொடியில் ஃபாயிலின் உள்ளழுத்தம் போய்விடும், ஒரு நுனி மடங்கும், சில நேரம் பட்டம் முழுவதுமே துணி மூட்டையாகக் கீழே வரும். வருகிற வழியில் காற்று திரும்ப வந்தால் படாரென்று விரிந்து ஆளைப் பறித்துக்கொண்டு ஓடும். டியூப் பட்டத்தின் எலும்பு குழாயில் இருக்கிறது. காற்று நின்றாலும் அது வடிவம் மாறாது, மிதந்து இறங்கும், காற்று வந்ததும் தொடரும். கடலில் பழகி, குதித்துக் குட்டிக்கரணம் போடும் ஆட்களுக்கு இந்த நம்பகம் பெரிய விஷயம். கைக்கம்பியைத் தள்ளியதும் இழுவை சட்டென்று அடங்கும் சுகமும் அதில் உண்டு.

மூன்றாவது, வாய் திறந்திருந்தால் பனியும் உள்ளே போகும்! மூக்குக் குத்தி விழுந்த ஃபாயில் ஒரு கூடைப் பனியை விழுங்கிவிட்டு எழ மறுக்கும். நுனியில் இருக்கும் வெல்க்ரோ வாசலைத் திறந்து உதற வேண்டும். வீட்டுக்கு வந்ததும் விரித்துக் காயப் போட வேண்டும். ஈரத்தோடு பைக்குள் அமுக்கி வைத்தால் துணியும் போச்சு, பூச்சும் போச்சு.

ஃபாயிலிலேயே இரண்டு சாதி இருப்பது பலருக்குத் தெரியாது. வாய் திறந்தே இருப்பது ஒன்று. வாயில் ஒருவழி வால்வு வைத்து, போன காற்று திரும்பாமல் அடைத்து வைப்பது இன்னொன்று. நீரில் விழுந்தாலும் பிழைக்க வேண்டும் என்பதற்காக வந்தது இந்த இரண்டாவது. பந்தயக்காரர்களும் கடலுக்கும் பனிக்கும் ஒரே பட்டம் வேண்டும் என்கிறவர்களும் அதை எடுப்பார்கள். காற்று சாகும் நொடியில் அது கொஞ்சம் தாக்குப்பிடிக்கும் என்பதும் உண்மை. ஆனால் புயல் கிளம்பிவிட்டது, அவசரமாக மூட்டை கட்ட வேண்டும் என்றால், உள்ளே அடைபட்ட காற்றைப் பிதுக்கி வெளியேற்ற அது எடுக்கும் நேரம் பொறுமையைச் சோதிக்கும். வாய் திறந்த ஃபாயில் இழுத்ததும் தட்டையாகிவிடும். விலையும் குறைவு. பனிக்கு மட்டும் வாங்குகிறவருக்கு வால்வு தேவையே இல்லை என்பது என் கட்சி.

இடம் பார்த்துப் பட்டம்

இத்தாலியின் வடக்கு எல்லையில் ரெஷென் ஏரி. உறைந்த ஏரிக்குள்ளிருந்து ஒரு தேவாலயக் கோபுரம் மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கும், தெரியுமா? 14-ம் நூற்றாண்டில் கட்டிய கோபுரம். 1950-ல் மின்சாரத்துக்காக அணை கட்டி நீரைத் தேக்கியபோது கிராவுன் என்ற கிராமம் மூழ்கியது, கோபுரம் மட்டும் மிஞ்சியது. குளிர்காலத்தில் ஏரி உறைந்ததும் அதனருகே நடந்தே போகலாம், ஸ்னோகைட்காரர்கள் பக்கத்தில் பாய்ந்துகொண்டிருப்பார்கள்! சுவிட்சர்லாந்தின் சில்வாப்லானா ஏரியும் இந்த வகைதான். வழியெல்லாம் தட்டை, புதர் இல்லை, கார் நிறுத்தும் இடம் பக்கத்தில். இப்படிப்பட்ட இடத்தில் டியூப் பட்டத்தை வைத்துக்கொண்டு தாராளமாக விளையாடலாம். கடலுக்கு வாங்கிய டியூப் கையில் இருந்தால், பனிக்கென்று புதிதாகச் செலவழிக்க வேண்டிய அவசியமே இல்லை.

நார்வேக்கு வாருங்கள், கதை வேறு. ஓஸ்லோவுக்கும் பெர்கனுக்கும் நடுவே ஹார்டாங்கர்விட்டா என்ற பிரம்மாண்டப் பீடபூமி. ஐரோப்பாவின் மிகப் பெரிய காட்டுக் கலைமான் கூட்டம் வாழும் இடம். ஸ்னோகைட்டிங்கின் மெக்கா என்று இதைத்தான் சொல்கிறார்கள். நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் பட்டம் எழுப்பிக் கிளம்பும் ‘ரெட் புல் ராக்னராக்’ நெடும்பந்தயம் நடக்கும் பூமியும் இதுதான். இதன் வடக்கு ஓரத்தில் ஃபின்ஸே ரயில் நிலையம், 1,222 மீட்டர் உயரத்தில், நார்வே ரயில்பாதையிலேயே மிக உயரமான நிலையம். அங்கே போகப் பொதுச் சாலையே கிடையாது! ரயிலில்தான் இறங்க வேண்டும். ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் வந்த பனிக்கிரகக் காட்சிகளை 1979-ல் இங்கேதான் எடுத்தார்கள் என்பது கொசுறுச் செய்தி. இப்படிப்பட்ட இடத்துக்கு எல்லாம் முதுகில்தான் போக வேண்டும். முதுகில் என்றால் ஃபாயில்தான். மடித்தால் சாதாரண முதுகுப்பைக்குள் அடங்கும், பம்பு இல்லை. மலை உச்சிவரை பட்டத்தில் ஏறி, அங்கே அதைச் சுருட்டிப் பைக்குள் வைத்துவிட்டு, வெறும் பலகையில் சறுக்கி இறங்கி வருவதும் உண்டு. ஏறவும் ஆச்சு, இறங்கவும் ஆச்சு!

துருவத்தில் பட்டம்

பனியில் காற்றைப் பூட்டி ஓட்டும் ஆசை புதிதில்லை. 1888-ல் கிரீன்லாந்தைக் குறுக்காகக் கடந்த நார்வேக்காரர் ஃப்ரிட்யோஃப் நான்சென், ஸ்லெட்ஜ்களைச் சேர்த்துக் கட்டி அவற்றின்மேல் பாய் விரித்து ஓட்டினார். அதற்கும் முன்னால், 1826-ல், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரப் பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் போகாக் பட்டம் இழுக்கும் வண்டிக்கே காப்புரிமை வாங்கியிருந்தார். சுங்கச்சாவடியில் குதிரைக்குத்தான் கட்டணம், பட்டத்துக்கு இல்லை என்பதால் அந்த வண்டி காசு கட்டாமல் போனதாகச் சொல்வார்கள்.

1996-97 பருவத்தில் நார்வேயின் போர்கே ஔஸ்லாண்ட், தன்னந்தனியாக, யார் துணையும் வெளி உதவியும் இல்லாமல் அண்டார்டிகாவைக் கடந்தார். 2,845 கி.மீ., 64 நாட்கள். காற்று வாய்த்தபோதெல்லாம் பாய் விரித்தார். அடுத்த ஆண்டே பெல்ஜியத்தின் அலன் ஹ்யூபரும் டிக்ஸி டான்சர்கூரும் பட்டங்களோடு 3,924 கி.மீ. போனார்கள், 99 நாட்களில். 2010-ல் கிரீன்லாந்தில் எரிக் மக்நேர்-லாண்ட்ரியும் செபாஸ்டியன் கோப்லாண்டும் 24 மணி நேரத்தில் 595 கி.மீ. பாய்ந்தார்கள். சென்னையிலிருந்து திருநெல்வேலியைத் தொட்டுவிடும் தூரம், ஒரே நாளில், ஒரு சொட்டு பெட்ரோல் இல்லாமல்! அடுத்த ஆண்டு எரிக்கும் அவர் தங்கை சாராவும் கனடாவின் வடமேற்குக் கடல்வழியை, உறைந்த நிலையில், 85 நாட்களில் 3,300 கி.மீ. பட்டத்தில் கடந்தார்கள்.

அந்த அண்ணன் தங்கையின் அப்பா பால் லாண்ட்ரியின் கதை இன்னும் ஆச்சரியம். 2007 ஜனவரி 19 அன்று அவரும் ஹென்றி குக்சன், ரூபர்ட் லாங்ஸ்டன், ரோரி ஸ்வீட் என்ற மூன்று பிரிட்டிஷ்காரர்களும் நடந்தும் பட்டத்திலும் போய், அண்டார்டிகாவில் எல்லாக் கரைகளிலிருந்தும் மிகத் தொலைவான புள்ளியை அடைந்தார்கள். அங்கே அவர்களை வரவேற்றது யார் தெரியுமா? லெனின்! 1958-ல் சோவியத் ஆய்வாளர்கள் அமைத்த முகாம் பனிக்குள் புதைந்துபோய், அதன் உச்சியில் வைத்த லெனினின் மார்பளவுச் சிலை மட்டும் வெளியே நின்றுகொண்டிருந்தது.

இத்தகைய நெடும்பயணக்காரர்களின் ஸ்லெட்ஜைப் பிரித்துப் பார்த்தால் மடித்து அடுக்கிய துணிப் பட்டங்கள்தான் இருக்கும், பம்பும் குழாயும் இருக்காது. இரண்டு மாதம் கடை கண்ணி இல்லாத இடத்தில், கிழிந்தால் ஊசி நூல் வைத்துத் தைத்துக்கொள்ளக்கூடிய பட்டம்தானே வேண்டும்? மென்காற்றுக்கு ஒன்று, கடுங்காற்றுக்கு ஒன்று என்று மூன்று நான்கு அளவுகளை எடுத்துப் போனாலும் சுமை தெரியாது.

இப்போது அதையும் மிஞ்சி ஒன்று வந்திருக்கிறது. கீழ்த்துணியையே நீக்கிவிட்டு மேல்துணி ஒன்றை மட்டும் வைத்த ஒற்றைத் துணிப் பட்டம்! ஃபிளைசர்ஃபர் நிறுவனத்தின் ‘பீக்’, ஓசோன் நிறுவனத்தின் ‘சப்ஸீரோ’ எல்லாம் இந்த ரகம். உப்ப அறையே இல்லை, பனி உள்ளே போக வழியும் இல்லை. கைக்குள் சுருட்டிவிடலாம், மெல்லிய காற்றிலும் எழும். உச்ச வேகத்தில் படபடக்கும், இரட்டைத் துணியின் வழுவழுப்பான இழுவை வராது. ஆனால் மலை ஏறி இறங்க மட்டும் என்றால் இன்றைக்கு நான் கை நீட்டுவது இதை நோக்கித்தான்.

உயிரைக் காக்கும் ஒரு கொக்கி

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பட்டத்தின் இழுவை நான்கு மடங்காகும், தெரியுமா? மணிக்கு 20 கி.மீ. காற்றில் தோழமையாக இழுத்த பட்டம் 40 கி.மீ. காற்றில் வேறு பிராணி. கடலில் தூக்கி எறிந்தால் விழ நீர் இருக்கிறது. இங்கே விழுவது பனிக்கட்டியின்மேல், பாறையின்மேல். எந்தப் பட்டமானாலும் ஹார்னஸ் கொக்கியில் ஒரு அவசர விடுவிப்பு இருக்கும். அதைத் தள்ளினால் பட்டம் ஒரே ஒரு நூலில் தொங்கி உயிரிழந்து கீழே விழும். தடித்த கையுறை போட்ட கையால், கண்ணை மூடிக்கொண்டு, அந்த விடுவிப்பைத் தட்டிவிட முடிகிறதா என்று தரையில் நின்று பழகிய பிறகுதான் பட்டத்தை எழுப்ப வேண்டும். இதில் சமரசமே கூடாது. ஹெல்மெட் கட்டாயம். மலைச்சரிவு என்றால் பனிச்சரிவு எச்சரிக்கையைப் பார்க்க வேண்டும். ஏரி என்றால் பனிக்கட்டியின் கனம் கேட்க வேண்டும். ஆள் நடக்கவே 10 சென்டிமீட்டர் தெளிந்த கெட்டிப் பனியாவது வேண்டும் என்பது பரவலாகச் சொல்லும் வரம்பு.

சரி, எதை வாங்குவது? பனிக்கென்றே முதல்முறை வாங்குகிறவர் என்றால், வாய் திறந்த ஃபாயில், நடுத்தர அளவு, ரொம்ப ஒல்லியான பந்தய வடிவம் வேண்டாம். முதல் சில நாள் தட்டையான ஏரியில், பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க. கடலில் டியூப் பழகி, அது கையிலும் இருக்கிறது என்றால் முதல் குளிர்காலத்தை அதிலேயே ஓட்டிப் பார்க்கலாம். மலை கூப்பிட ஆரம்பித்த பிறகு ஃபாயில் வாங்கினால் போதும்.

ஃபாயிலைப் பழையதாக வாங்கினாலும் குற்றமில்லை, இரண்டு சோதனை செய்துவிட்டால். மேல்துணியின் ஒரு பகுதியை, முன்விளிம்புக்குப் பக்கத்தில், உதட்டோடு இறுக்கி வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு மறுபக்கம் சுலபமாகப் போனால் பூச்சு தேய்ந்துவிட்டது, அந்தத் துணி இனிக் காற்றைப் பிடிக்காது, எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். பிறகு நான்கு நூல்களின் முனைகளையும் ஒரே ஆணியில் மாட்டி இழுத்து நீளத்தை ஒப்பிடுங்கள். அடிக்கடி பாரம் ஏறும் முன்நூல்கள் நீண்டிருக்கும், பின்நூல்கள் சுருங்கியிருக்கும். சில சென்டிமீட்டர் வித்தியாசம் போதும், பட்டம் வானத்தில் நிற்காமல் பின்னோக்கிச் சரியும். இதைச் சரிசெய்வது சிரமமில்லை, முடிச்சை மாற்றிப் போட்டால் போதும். நூல் சரியில்லை என்று காட்டி விலையைக் குறைத்துக் கேட்கவும் செய்யலாம்.